திரை கறுத்த கதை



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் கோட்டை கொத்தளங்களும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருப்பது ஓர் அட்டையின் வரலாறு. கணினிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பலகையில் செருகிக் கிடக்கும். சிலவற்றின் மேல் சின்னஞ்சிறு விசிறி ஒன்று சுழன்று கொண்டிருக்கும். பிள்ளைகள் அதனைக் கிராஃபிக்ஸ் கார்டு என்பார்கள். நாம் வரைகலை அட்டை என்போம்.

தோட்டத்து வீடுகளுக்குப் புதுக் கணினி வருவது அபூர்வம். பட்டணத்து அலுவலகம் கழித்துப் போட்டது, மாமா வீட்டில் பழசாகிப் போனது, பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கியது என ஏதாவது ஒரு வழியில் ஒன்று வந்து சேர்கிறது. அதில் இருந்த விண்டோஸுக்கு ஆயுள் முடிந்திருக்கும். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் நின்றுபோயிற்று. புதியதை ஏற்றலாம் என்றால் பழைய பெட்டியை அது ஏற்றுக் கொள்வதில்லை. மூத்த பிள்ளை யாரையோ விசாரித்து, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸை அதில் ஏற்றி விடுகிறான். பாடம் படிக்கலாம், கடிதம் எழுதலாம், படம் பார்க்கலாம். எல்லாம் சரிதான். மாலையில் தம்பி வந்து உட்கார்ந்து ஒரு விளையாட்டைத் தொடங்குகிறான். திரை கறுத்து விடுகிறது! கணினியைக் கெடுத்தவன் யார் என்ற விசாரணை அடுக்களையிலிருந்து தொடங்குகிறது. அடி யாருக்கு விழும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கணினி கெடவில்லை, தாய்மார்களே. அந்தக் கறுப்புக்குப் பின்னால் நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிய வாங்கியவனுக்கு உரிமை உண்டா, இல்லையா என்ற வழக்கே அந்தக் கதை.

முதலில் அந்த அட்டை செய்யும் வேலையைத் தெரிந்து கொள்வோம். நம் கண்ணுக்கு முன் தெரியும் திரை வெறும் புள்ளிகளால் ஆனது. இன்று பரவலாக உள்ள திரைகளில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள்: 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. விளையாட்டில் குதிரை ஓடுவது போலத் தெரிய வேண்டுமானால், இத்தனை புள்ளிகளையும் ஒரு விநாடிக்கு 60 முறை புதிதாக வண்ணம் தீட்ட வேண்டும். விநாடிக்கு 12 கோடிக்கு மேல்! கணினியின் மூளை ஒன்றே இதைச் செய்யப் புகுந்தால் மூச்சுத் திணறும். ஆகவே வண்ணம் தீட்டுவதற்கென்றே தனி ஆட்களை வைத்தாற்போல் இந்த அட்டை வைக்கப்பட்டது.

இங்கேதான் ஒரு சிக்கல். கணினியை நடத்துவது இயங்குதளம் என்னும் மென்பொருள். அதன் நடுக்கரு கெர்னல் எனப்படும். அந்தக் கருவுக்குத் தெரிந்த பேச்சு ஒன்று. அட்டைக்குத் தெரிந்த பேச்சு வேறு. நம் முன்னோர் காலத்துத் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். துரைக்குத் தெரிந்தது இங்கிலீஷ். பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரிந்தது தமிழ். நடுவில் கங்காணியும் கிராணியும் நின்றார்கள். விடியற்காலைப் பெரட்டுக்குக் கங்காணி வராவிட்டால், ஆட்களும் இருப்பார்கள், துரையும் இருப்பார், வேலை மட்டும் நடக்காது. கணினியில் அந்த நடு ஆளுக்கு இயக்கி என்று பெயர்; ஆங்கில வழக்கில் டிரைவர். ஒவ்வொரு வகை அட்டைக்கும் அதன் பேச்சறிந்த இயக்கி ஒன்று வேண்டும். அது இல்லையென்றாலோ, இருந்தும் தப்பாகப் பேசினாலோ, திரை கறுக்கும், அல்லது கோடு கோடாய்க் கிழியும், அல்லது விளையாட்டு நத்தையாய் ஊரும்.

அட்டையின் பேச்சு அதைச் செய்த நிறுவனத்துக்குத்தான் தெரியும். நிறுவனம் விண்டோஸுக்கு ஓர் இயக்கியைச் செய்து கொடுத்துவிடும், ஏனெனில் வாங்குவோரில் பெரும்பாலோர் அங்கே இருக்கிறார்கள். லினக்ஸுக்கு? அதைச் சொல்வதற்கு முன், இந்த வழக்கு முதன்முதலாக மூண்ட இடத்துக்குப் போய் வர வேண்டும். அங்கே வந்த தகராறு ஓர் அச்சுப்பொறியைப் பற்றியது.

1980 வாக்கில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அதற்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்து சேர்ந்தது. வேகமான பொறிதான், ஆனால் அடிக்கடி காகிதம் சிக்கிக் கொள்ளும். அச்சிடச் சொன்னவர் தம் இடத்தில் காத்திருப்பார். காகிதம் சிக்கி நிற்பது அவருக்குத் தெரியாது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் முந்திய அச்சுப்பொறிக்கு இதே குறை வந்தபோது, அதை இயக்கிய நிரலைத் திருத்தி, காகிதம் சிக்கியவுடன் காத்திருப்போருக்குச் செய்தி போகும்படி செய்திருந்தார். புதுப் பொறிக்கும் அப்படியே செய்யலாம் என்றால், மூலநிரலை நிறுவனம் தரவில்லை. கணினிக்குப் புரியும் வடிவில் மட்டும் தந்தது. முறுக்கைத் தின்று பார்த்து மாவின் பக்குவத்தைச் சொல்ல முடியுமா? அது போலத்தான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அந்த மூலநிரல் இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். வெளியில் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று கூறி அவர் மறுத்துவிட்டார்.

ஸ்டால்மன் அதை மறக்கவில்லை. 1983 செப்டம்பரில், யாவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய இயங்குதளம் ஒன்றை எழுதப் போவதாக அறிவித்தார். குனு என்பது அதன் பெயர். மென்பொருள்கள் பல உருவாயின. நடுக்கரு மட்டும் நெடுநாள் கைகூடவில்லை. அதைத் தந்தவர் பின்லாந்து நாட்டு மாணவர் ஒருவர். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்டு 25-ஆம் நாள், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக மற்றவர்களுக்குத் தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அதுவே லினக்ஸ். அடுத்த ஆண்டு, குனு வகுத்த உரிமத்தின் கீழ் அதை உலகுக்குத் திறந்து விட்டார்.

கரு கிடைத்தது. திரையில் படம் வர வேண்டுமே! மாசசூசெட்ஸிலேயே 1984-இல் பிறந்த எக்ஸ் என்னும் சாளர முறை அதற்குக் கைகொடுத்தது. அதைச் சாதாரணக் கணினிகளுக்குக் கொண்டு வந்த தொண்டர் குழு, 1992-லிருந்து எக்ஸ்ஃப்ரீ86 என்ற பெயரில் இயங்கியது. அந்த நாளில் லினக்ஸில் திரையை உயிர்ப்பிப்பது எளிதன்று. திரைப்பெட்டி விநாடிக்கு எத்தனை முறை குறுக்கே ஓடும், எத்தனை முறை மேலிருந்து கீழே ஓடும் என்ற எண்களை, பெட்டியோடு வந்த கையேட்டில் தேடி எடுத்து, ஒரு கோப்பில் கையாலேயே எழுத வேண்டும். எண் தவறினால் படம் உருளும். அளவு மிஞ்சினால் பழைய கண்ணாடிக் குழாய்த் திரைப்பெட்டி பழுதாகவும் கூடும் என்று கையேடுகளே எச்சரித்தன. இன்றைய பிள்ளை திரை கறுத்தது என்று வருந்துகிறான். அன்றைய ஆளுக்குத் திரையே போய்விடுமோ என்ற பயம்.

அக்காலத்திலேயே நிறுவனங்களோடு முதல் மோதல் வந்தது. டயமண்ட் என்ற பெயர் பெற்ற அட்டை நிறுவனம், தன் அட்டைகளின் உள்விவரத்தை, இரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டால்தான் தருவேன் என்றது. இரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லாரும் படிக்கும் நிரலை எப்படி எழுதுவது? எக்ஸ்ஃப்ரீ86 தொண்டர்கள் கையெழுத்திட மறுத்தார்கள். டயமண்ட் அட்டைகள் எங்களால் இயங்கா, வாங்க வேண்டாம் என்று தங்கள் குறிப்பேட்டிலேயே எழுதி வைத்தார்கள். சில ஆண்டுகளில் நிறுவனமே இறங்கி வந்து விவரம் தந்தது. சம்பளம் இல்லாத சிறு குழு, ஒரு பெரிய நிறுவனத்தை வழிக்குக் கொண்டு வந்தது இப்படித்தான்.

இதற்கிடையே விளையாட்டு வந்து கதவைத் தட்டியது. 1993 டிசம்பரில் டூம் என்ற விளையாட்டு வெளியாகி உலகையே கிறுகிறுக்க வைத்தது. அடுத்த ஆண்டே அதே நிறுவனத்தில் வேலை பார்த்த டேவ் டெய்லர் அதை லினக்ஸுக்குக் கொண்டு வந்தார். வியாபாரம் ஆகும் என்று அவர் செய்யவில்லை. லினக்ஸ் மேல் இருந்த ஆசையால் செய்தார். விளையாட்டு வீண் பொழுது என்று நம் ஆசிரியர் கூட்டம் சொல்வதுண்டு. இந்த வரலாற்றைப் படித்தபின் அப்படி அடித்துச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அலுவலக வேலைக்கு எளிய படமே போதும். அட்டையின் முழு வலுவையும் கேட்டு அடம்பிடித்தவர்கள் விளையாட விரும்பியவர்கள்தாம்.

1996-இல் திரீடிஎஃப்எக்ஸ் என்ற நிறுவனம் வூடூ என்னும் அட்டையை வெளியிட்டது. முப்பரிமாண விளையாட்டை வீட்டுக் கணினிக்குக் கொண்டு வந்த அட்டைகளில் அதற்கு முதல் மரியாதை உண்டு. நிறுவனத்தின் ஒப்புதலோடு டேரில் ஸ்ட்ராஸ் என்பவர் அதன் மென்பொருளை லினக்ஸுக்கு மாற்றினார். மறுபுறம் பிரையன் பால் என்பவர், முப்பரிமாணப் படங்களுக்கான ஓபன்ஜிஎல் என்ற பொது முறையைத் தம் ஓய்வு நேரத்தில் தாமாகவே எழுதத் தொடங்கி, 1995-இல் மெசா என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டிருந்தார். இரண்டும் சேர்ந்தபோது லினக்ஸில் முப்பரிமாண விளையாட்டு ஓடியது.

திரீடிஎஃப்எக்ஸ் கதையில் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. 1999 டிசம்பரில் அந்நிறுவனம் தன் கிளைடு மென்பொருளின் மூலநிரலை வெளியிட்டது. சரியாக ஓராண்டில், 2000 டிசம்பரில், நிறுவனம் கடையைக் கட்டியது. சொத்துகளை என்விடியா வாங்கிக் கொண்டது. அட்டை வாங்கியவர்கள் அநாதையானார்களா? லினக்ஸ்காரர்கள் ஆகவில்லை. நிரல் ஊர்ச் சொத்தாகிவிட்டிருந்தது. அந்த அட்டைகளுக்கான இயக்கியை மெசா 2012 வரையில் தன்னோடு வைத்துக் காப்பாற்றியது. தாய் போன பின்னும் பிள்ளையை ஊர் பன்னிரண்டு ஆண்டு வளர்த்தது.

இனி என்விடியா. இன்று உலகமே அறிந்த பெயர். 2000-ஆம் ஆண்டில் லினக்ஸுக்கென்று தானே ஓர் இயக்கியைக் கொடுத்தது. ஆனால் மூடிய பெட்டியாகக் கொடுத்தது. ஏன் மூடினார்கள் என்றால், காரணம் இல்லாமல் இல்லை. எதிராளி பார்த்துவிடுவான் என்ற பயம், காப்புரிமை வழக்குப் பயம், மற்ற நிறுவனங்களிடம் வாங்கிச் சேர்த்த நிரல்களை வெளியிட முடியாத நிலை, இவையெல்லாம் அத்தொழிலில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த மூடிய இயக்கி நன்றாக ஓடியது. பல ஆண்டுகள் லினக்ஸில் விளையாட விரும்பியவருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. எதிரணியான ஏ.டி.ஐ. தந்த மூடிய இயக்கியோ, பாடாய்ப் படுத்துகிறது என்று பெயர் வாங்கியது.

நன்றாக ஓடினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஓடும்வரை போதும். லினக்ஸின் கரு சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. கரு மாறினால் இயக்கியும் அதற்கேற்ப மாற வேண்டும். திறந்த இயக்கியாக இருந்தால், கருவை மாற்றுகிறவரே இயக்கியையும் சேர்த்துத் திருத்தி விடுவார். மூடிய இயக்கியை நிறுவனம் அல்லாது வேறு யாரும் தொட முடியாது. நேற்று ஓடியது இன்று கறுத்துப் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூடிய இயக்கியை ஏற்றிய கருவின்மேல் கறைபட்டது என்று கணினியே குறியிட்டு வைக்கும். அப்படிக் குறியுள்ள கணினியிலிருந்து வரும் முறையீட்டை லினக்ஸ் எழுதுவோர் பார்க்க விரும்புவதில்லை. வீம்பு அன்று, தாங்கள் படிக்க முடியாத கணக்குக்குத் தாங்கள் எப்படிப் பொறுப்பேற்பது என்பது அவர்கள் வாதம். செக்ரோலில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அந்த வாதம் உடனே விளங்கும்.

2005-இல் சிலர் வேறு ஒரு முடிவுக்கு வந்தார்கள். நிறுவனம் சொல்லாவிட்டால் போகட்டும், நாமே கண்டுபிடிப்போம் என்று கிளம்பினார்கள். ஸ்டெஃபான் மார்ஷெசின் என்பவர் தொடங்கிய அம்முயற்சிக்கு நூவோ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் புதியது என்று பொருள். பூட்டிய பெட்டியை அவர்கள் உடைக்கவில்லை. அதன் வாசலில் உட்கார்ந்து, உள்ளே போவதையும் வருவதையும் கவனித்தார்கள். எப்படி என்று பாருங்கள்.

நிறுவனத்தின் மூடிய இயக்கியை ஓடவிடுவது. ஒரே ஒரு முக்கோணம் வரையச் சொல்வது. சொல்வதற்கு முன் அட்டையின் நினைவில் என்னென்ன எண்கள் இருந்தன, வரைந்த பின் என்னென்ன எண்கள் மாறின என்று குறித்துக் கொள்வது. பிறகு அதே முக்கோணத்தைச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றி வரையச் சொல்வது. இப்போது எந்த எண் மட்டும் மாறியது? அப்படியானால் வண்ணத்துக்குரிய எண் அதுவாக இருக்க வேண்டும். அடுத்து மூலையைச் சற்று நகர்த்துவது, மறுபடி பார்ப்பது. இப்படி ஆயிரக்கணக்கான எண்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கற்றுக் கொண்டார்கள். பேச்சு தெரியாத ஊருக்குப் போன ஒருவர், கடைக்காரரிடம் யார் என்ன கேட்டார்கள், அவர் எதை எடுத்துக் கொடுத்தார் என்று நாள் முழுதும் ஓரமாய் நின்று பார்த்தே உப்புக்கு என்ன சொல், அரிசிக்கு என்ன சொல் என்று தெரிந்து கொள்வதில்லையா? அதே வழிதான்.

அட்டைகளோ நூறு வகை. எல்லாவற்றையும் விலைக்கு வாங்க அக்குழுவிடம் பணம் ஏது? ஆகவே, மாற்றங்களைக் குறித்துக் கொள்ளும் சிறு நிரல் ஒன்றை எழுதிப் பொதுமக்களிடம் கொடுத்தார்கள். உங்கள் வீட்டுக் கணினியில் இதை ஒருமுறை ஓட்டி, வரும் கோப்பை எங்களுக்கு அனுப்புங்கள் என்றார்கள். நிரல் எழுதத் தெரியாதவர்கள், மாணவர்கள், வெறும் விளையாட்டுப் பிரியர்கள் என்று பலர் தங்கள் தங்கள் அட்டையின் கோப்பை அனுப்பினார்கள். அவர்கள் தந்தது பத்து நிமிட நேரம். வெளியார் ஒருவர் ஆளுக்குப் பத்து அமெரிக்க வெள்ளி, ஆயிரம் பேர் சேர்ந்தால் தருவோம் என்று ஓர் உண்டியல் திட்டம் போட்டார். 2007 தொடக்கத்தில் ஆயிரம் பேரும் சேர்ந்துவிட்டார்கள். தீமிதித் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வசூலித்துக் கணக்கு எழுதிய நமக்கு இது புதிதன்று. 2010 பிப்ரவரியில் வெளியான கருவில் நூவோ இடம் பெற்றது. அதன்பின் என்விடியா அட்டை உள்ள கணினியில் லினக்ஸை ஏற்றியவுடன், எதுவும் செய்யாமலேயே திரையில் படம் வந்தது.

விளையாட்டுக்கு அது போதவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். அட்டை விழித்தெழும்போது மெல்லிய வேகத்தில்தான் எழும். இயக்கி சொன்னால்தான் முழு வேகத்துக்குப் போகும். அந்தச் சொல்லை நூவோ பல அட்டைகளில் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லை. 2014-இல் வந்த அட்டைகளிலிருந்து கட்டு இன்னும் இறுகியது. நிறுவனத்தின் முத்திரை உள்ள உள்நிரல் மட்டுமே வேகத்தைத் தொடலாம் என்று ஆயிற்று. குட்டைக் கயிற்றில் கட்டிய மாடு போல, வலு இருந்தும் அட்டை ஓடவில்லை. 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ், தாம் பழகிய நிறுவனங்களிலேயே மிக மோசமானது என்விடியாதான் என்று மேடையிலேயே கூறி, கையால் ஒரு சைகையும் காட்டினார். அந்தச் சைகையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்கும் இந்த நிகழ்ச்சியில் விளக்குவதற்கில்லை.

மறுகரையில் காற்று வேறு திசையில் அடித்தது. ஏ.டி.ஐ.யை 2006-இல் ஏ.எம்.டி. என்ற நிறுவனம் வாங்கியது. 2007 செப்டம்பரில், எங்கள் அட்டைகளின் உள்விவரக் கையேடுகளைப் பொதுவில் வைக்கிறோம் என்று அறிவித்தது. பாடாய்ப் படுத்தியது என்று பெயர் வாங்கிய அதே அட்டைகளுக்கு, திறந்த இயக்கி மெல்ல மெல்ல வளர்ந்து, சில ஆண்டுகளில் முதல் வரிசைக்கு வந்தது. இன்டெல் நிறுவனமும் தன் அட்டைகளுக்குத் திறந்த இயக்கியையே தந்து வந்தது.

விளையாட்டுகளின் பக்கம் திரும்புவோம். இயக்கி இருந்தும் விளையாட்டு இல்லையென்றால் என்ன பயன்? விண்டோஸுக்கென எழுதிய மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற முயற்சி 1993-லேயே தொடங்கிவிட்டது, அதன் 1.0 பதிப்பு வெளியாக 2008 ஆயிற்று. பதினைந்து ஆண்டு! வால்வ் என்ற விளையாட்டு நிறுவனம் 2012-இல் லினக்ஸ் பக்கம் வந்தது. தன் விளையாட்டு ஒன்றை லினக்ஸுக்கு மாற்றி, விண்டோஸில் விநாடிக்கு 270 படம், லினக்ஸில் 315 படம் என்று காட்டியது. 2013 பிப்ரவரியில் ஸ்டீம் என்னும் அதன் கடை லினக்ஸில் திறந்தது. 2015-இல் அது கொண்டு வந்த லினக்ஸ் விளையாட்டுப் பெட்டிகள் மட்டும் விலை போகவில்லை. விளையாட்டுகள் போதுமான அளவு இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஓர் இளைஞர். ஜெர்மனியைச் சேர்ந்த பிலிப் ரெபோலே என்பவருக்கு நியர் ஆட்டோமேட்டா என்ற விளையாட்டை லினக்ஸில் ஆட ஆசை. விண்டோஸ் விளையாட்டுகள் பேசும் வரைகலைப் பேச்சை, 2016-இல் வந்த வல்கன் என்ற பொதுப் பேச்சுக்கு உடனுக்குடன் மாற்றித் தரும் நிரலை 2017-இல் எழுதத் தொடங்கினார். வால்வ் அவரையே வேலைக்கு வைத்துக் கொண்டது. 2018 ஆகஸ்டில் அந்த நிரலும் வைனும் சேர்ந்து புரோட்டான் என்ற பெயரில் வெளியாயின. அதன்பின் ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடின. 2022 பிப்ரவரியில் வால்வ் விற்ற ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் உள்ளே இருப்பது லினக்ஸ். அதன் படத்தை வரைவது ஏ.எம்.டி.யின் சில்லு, அதன் இயக்கி திறந்த இயக்கி. அதே ஆண்டு மே மாதம், என்விடியாவும் தன் இயக்கியில் கருவோடு ஒட்டும் பகுதியின் மூலநிரலை வெளியிட்டது. 2018-லிருந்து வந்த புதிய தலைமுறை அட்டைகளுக்கு மட்டும். மற்ற பகுதிகளை மூடியே வைத்துக் கொண்டது.

நம் வீட்டுக்கு வருவது பழைய அட்டைதானே! அதனால் இந்த வரலாற்றில் நம்மைத் தொடும் பகுதி இதுதான். 2010-ஐ ஒட்டி வந்த என்விடியா அட்டைக் குடும்பம் ஒன்றுக்கு, மூடிய இயக்கியின் ஆதரவு 2022 இறுதியோடு முடிந்தது. அட்டை உயிரோடுதான் இருக்கிறது. அதனோடு பேசுகிறவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஏ.எம்.டி.யின் 2012-ஆம் ஆண்டு அட்டைகளுக்கோ, 2025-லும் திறந்த நிரல் திருத்தப்பட்டு வந்தது. பழைய சாமான் கடையில் இரண்டு கணினிகள் ஒரே விலையில் இருந்தால், உள்ளே எந்த நிறுவனத்தின் அட்டை என்று கேட்டு வாங்குவது வீண் கேள்வி ஆகாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் செய்ய வேண்டியதையும் சொல்லி விடுகிறோம். திரை கறுத்தே எழுந்தால், கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில், தொடக்க வரியின் கடைசியில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்துத் தொடங்கச் சொல்லுங்கள். அட்டையின் வித்தைகளைத் தொடாமல், எளிய படத்தோடு கணினி எழும். பிறகு எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையைத் தட்டினால் அட்டையின் பெயர் தெரியும். அதற்குரிய இயக்கியை உங்கள் லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள். நிறுவனத்தின் தளத்திலிருந்து நேரே இறக்கிப் போட்டால், கரு புதிதாகும் அடுத்த முறை மறுபடியும் கறுக்கக் கூடும். களஞ்சியத்திலிருந்து வருவது, கரு மாறும்போதெல்லாம் தானும் மாறிக் கொள்ளும்படி கட்டப்பட்டிருக்கும், டி.கே.எம்.எஸ். என்ற அந்த ஏற்பாட்டை டெல் நிறுவனம் 2003-இல் செய்து பொதுவில் விட்டது. இயக்கியை ஏற்றியும் பயனில்லை என்றால், செக்யூர் பூட் என்னும் காவல் முறை அதை வாசலிலேயே தடுத்திருக்கலாம். கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில் அதைப் பாருங்கள். அட்டை 2012-க்கு முந்தியதாக இருந்தால், வல்கன் பேச்சு அதற்குப் பெரும்பாலும் வராது. அப்போது புரோட்டானைக் கட்டி அழாமல், பழைய விளையாட்டுகளையும் லினக்ஸுக்கென்றே எழுதியவற்றையும் ஆடச் சொல்லுங்கள். தம்பி சற்று முகம் சுளிப்பான், பழகிவிடும்.

எதுவும் சரிப்படவில்லையா? முறையீடு எழுதலாம். திறந்த இயக்கி என்றால், முகம் தெரியாத ஒருவர் எங்கோ இருந்து அதைப் படிப்பார். ஆறாம் வகுப்பில் புகார்க் கடிதம் எழுதப் பழகிய பிள்ளைக்கு அது கைவந்த வேலை. அட்டையின் பெயர் என்ன, கருவின் எண் என்ன, எந்த விளையாட்டு, எந்த இடத்தில் கறுத்தது, அதற்கு முந்திய வாரம் ஓடியதா என்று வரிசையாக எழுதட்டும். டிமெசேஜ் என்ற கட்டளை தரும் குறிப்பையும் உடன் வைக்கட்டும். கோபத்தை மட்டும் எழுத வேண்டாம். அதைப் படிப்பவர்களில் சிலர் நம்மைப் போல் வேலை முடிந்து வந்து, இரவில் விளக்கடியில் உட்கார்ந்து படிப்பவர்கள்.